பதினான்காவது வரி

சுப்பராயலுவுக்கு ஜாதகத்தில் நம்பிக்கை கிடையாது. கடலூர் மாவட்டத்தில் ஜாதகத்தை வைத்துச் சாப்பிட்டவர்களில் இதை வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர் ஒருவர்தான். பாலிடெக்னிக் முடித்து, புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் இரண்டு வருடம் புரோகிராம் எழுதி, 2004-ல் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறையை வாடகைக்குப் பிடித்து, 'கிரகமித்ரன்' என்ற ஜாதக சாஃப்ட்வேரை வெளியிட்டார். பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் அடித்தால் பதினாறு பக்கத்தில் ஒரு மனிதனின் மொத்த வாழ்க்கையும் பிரிண்டாகி வெளியே வரும். தன்னுடையதை மட்டும் அவர் ஒரு தடவைகூட எடுத்துப் பார்த்ததில்லை.

அலுவலகத்தில் இருந்த இன்னொரு ஆள் பிரிசில்லா. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவாள். மற்ற ஆறு நாளும் போனில் வாடிக்கையாளர்களுக்கு ராகு கேதுவை விளக்குவாள். இருபத்தேழு நட்சத்திரத்தையும் பாதத்தோடு தலைகீழாகச் சொல்லக்கூடிய ஒரே கிறிஸ்தவப் பெண் அவள்தான் என்று சுப்பராயலு பெருமைப்படுவார். அவளுக்கு அதில் பெருமை ஒன்றும் இருந்ததாகத் தெரியவில்லை.

திட்டக்குடியிலிருந்து சிதம்பரம் வரை அறுபத்துமூன்று கம்ப்யூட்டர் சென்டர்கள் கிரகமித்ரனை வாங்கியிருந்தன. நாயன்மார் எண்ணிக்கை. அதற்கு மேல் ஒன்றுகூட ஏறவில்லை என்பதுதான் சுப்பராயலுவின் கவலை.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். பஞ்சாங்கத்தில் இரண்டு கட்சி உண்டு. ஒன்று வாக்கியம், இன்னொன்று திருக்கணிதம். சந்திரன் எந்த நிமிடத்தில் எந்த நட்சத்திரத்தை விட்டு நகர்ந்தான் என்பதில் இரண்டுக்கும் சில மணி நேரம் கருத்து வேறுபாடு. சந்திரன் இதில் தலையிடுவதில்லை. பெரும்பாலானவர்களுக்கு எந்தக் கணக்கில் பார்த்தாலும் ஒரே நட்சத்திரம்தான். ஒரு நட்சத்திரம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் பிறந்தவர்களுக்கு மட்டும், வாக்கியத்தில் ஒன்று, திருக்கணிதத்தில் வேறொன்று.

கிரகமித்ரன் பிறந்ததிலிருந்தே வாக்கியக் கட்சி. 2009 தொடக்கத்தில் மூன்றாம் வெர்ஷன் தயாரானபோது, சென்னையில் திருக்கணிதம்தான் ஓடுகிறது என்று யாரோ சொன்னார்கள் என்பதற்காக சுப்பராயலு கட்சி மாறினார். சிடியைப் போட்டு இன்ஸ்டால் செய்த நிமிடத்தில் சென்டர்காரரும் அவருக்குத் தெரியாமலே கட்சி மாறிவிடுவார். செட்டிங்கில் ஒரு சின்னக் கட்டத்தில் டிக் அடித்தால் பழைய கணக்குக்குத் திரும்பலாம். அந்தக் கட்டம் இருப்பது உலகத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். இரண்டு பேரும் அந்த மாடி அறையில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

"சார், ஒரு பேப்பர்ல அடிச்சு சிடி கவருக்குள்ள வெச்சிடலாம் சார்," என்றாள் பிரிசில்லா. "சிலபேருக்கு நட்சத்திரமே மாறும்ல."

"எத்தினி பேருக்கு மாறும்? நூத்துக்கு ஏழெட்டு பேரு."

"அந்த ஏழெட்டு பேரும் கல்யாணம் பண்ணிக்குவாங்களே சார்."

"பேப்பர் வெச்சா, அப்ப இத்தினி வருஷம் நாங்க குடுத்ததெல்லாம் தப்பான்னு சென்டர்காரன் கேப்பான். ஒருத்தனும் மூணாவது வெர்ஷன் வாங்க மாட்டான். நீ வேலையப் பாரும்மா."

அவள் வேலையைப் பார்த்தாள். ஆனாலும் சுப்பராயலு மனசாட்சி இல்லாதவர் அல்ல. சிடிக்குள் 'ரீட் மீ' என்று ஒரு ஃபைல் போடுவது வழக்கம். அதில் பிரிண்டர் பற்றிய வரிக்கும் ஃபான்ட் பற்றிய வரிக்கும் நடுவில், பதினான்காவது வரியாக, அடிப்படைக் கணிதமுறை மாற்றப்பட்டுள்ளது என்று ஆங்கிலத்தில் சேர்த்தார். அந்த ஃபைலை இதுவரை யாரும் திறந்ததில்லை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் அங்கே சேர்த்தார். சொல்லவில்லை என்று யாரும் குற்றம் சாட்ட முடியாது அல்லவா?

சிதம்பரம் மேல வீதியில் பொன்னுரங்கம் ஒரு சென்டர் வைத்திருந்தார். புது வெர்ஷனில் பிரிண்ட் கலராக வருகிறது என்று அவருக்கு ஒரே சந்தோஷம். அவரிடம் பங்குனியில் ஒருநாள் கலியமூர்த்தி வந்தார். கலியமூர்த்தி பத்திரம் எழுதுகிறவர். முப்பது வருடமாக அவர் எழுதிய பத்திரத்தில் ஓர் எல்லை, ஒரு சர்வே நம்பர் பிசகியது என்று யாரும் சொன்னதில்லை. மகள் இசைவாணி ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் டெக்னீஷியன். திட்டக்குடியில் மாப்பிள்ளை அமைந்து, பொருத்தம் பார்த்து, தட்டும் மாற்றியாயிற்று. முகூர்த்த நாள் குறிக்க வேண்டும், ஜாதகக் காப்பியை எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை, இன்னொன்று கொடுங்கள் என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டிருந்தார்கள். முதல் காப்பியைப் பழைய வெர்ஷனில் எடுத்துக் கொடுத்திருந்த பொன்னுரங்கம், அதே தேதி, அதே நேரம் அடித்து இன்னொன்று எடுத்துக் கொடுத்தார். மகளுடைய நட்சத்திரத்தை யாராவது படித்துப் பார்ப்பார்களா? கலியமூர்த்தி நாலு மூலையிலும் மஞ்சள் தடவி மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

மாப்பிள்ளையின் அம்மா தில்லையம்மாள் மறுநாள் பட்டுப்புடவை எடுக்க பீரோவைத் திறந்தார். புடவைக்கு அடியில் பழைய காப்பி கிடந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பழையதில் பூசம், நான்காம் பாதம். புதியதில் ஆயில்யம், முதல் பாதம். ஆயில்யத்தில் பிறந்த பெண் வந்தால் மாமியாருக்கு ஆகாது என்று ஊரே நம்புகிறது. இந்த வீட்டில் மாமியார் என்றால் அது தில்லையம்மாள்தான்.

போனில் அவர் கத்தவில்லை. நிதானமாகச் சொன்னார்: "பத்திரம் எழுதுற கையி, ஜாதகத்தையும் எழுதியிருக்கு. ரெண்டாவது தடவ மாத்த மறந்துட்டீங்களாட்டம் இருக்குது சம்பந்தி."

கலியமூர்த்தி நேராக மேல வீதிக்குப் போனார். பொன்னுரங்கம் மஞ்சக்குப்பத்துக்குப் போன் போட்டார்.

"இன்னா சுப்பராயலு இது? ஒரே பொண்ணுக்கு ரெண்டு நட்சத்திரம் காட்டுது. ஒரு பெரிய மனுசன் இங்க வந்து தல குனிஞ்சு ஒக்காந்திருக்காரு."

அந்த நேரத்தில் சுப்பராயலு உண்மையைச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதற்கு முன்னால் இன்னொன்று வந்துவிட்டது.

"வைரஸா இருக்கும்ணே. பென் டிரைவ் எதுனா போட்டீங்களா?"

2009-ல் பென் டிரைவ் போடாத மனிதர் யார்?

"முந்தாநாளு பிச்சாவரம் போயிட்டு வந்தோம்," என்றார் பொன்னுரங்கம், குரல் இறங்கிப்போய். "போட் போட்டோல்லாம் போட்டுப் பாத்தேன்."

"அதாண்ணே. ஃபார்மட் அடிச்சிடுங்க."

போனை வைத்தபோது பிரிசில்லா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்து ஏதாவது சொல்லியிருந்தால் அவளைத் திட்டியாவது மனசை ஆற்றிக்கொண்டிருப்பார்.

பொன்னுரங்கம் தன் பிச்சாவரம் போட்டோக்களின் சார்பாக கலியமூர்த்தியின் இரண்டு கையையும் பிடித்து மன்னிப்புக் கேட்டார். ஐந்து வருடத்து ஃபைல்களோடு கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்தார். சிடியைப் போட்டுத் திரும்ப எடுத்தார். ஆயில்யம், முதல் பாதம்.

மூன்றாம் நாள் கலியமூர்த்தியும் இசைவாணியும் மஞ்சக்குப்பத்து மாடிப்படி ஏறி வந்தார்கள். அவர் கையில் இரண்டு ஜாதகம். அவள் கைப்பையிலிருந்து கிரகமித்ரன் சிடியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"பொன்னுரங்கம் அண்ணன்கிட்ட வாங்கியாந்தேன்."

சாட்சிக்குக் கொண்டுவந்திருக்கிறாள் என்று சுப்பராயலு நினைத்துக்கொண்டார்.

"தம்பி, நான் சண்டைக்கு வரல," என்றார் கலியமூர்த்தி. "கல்யாணம் நடக்குறதும் நடக்காததும் அப்புறம். நாளைக்கு எங்கிட்ட பத்திரம் எழுத ஒருத்தன் வரணும். நான் திருத்தலன்னு எவனாவது சொல்லணும். ஒங்கள விட்டா வேற யாரு சொல்ல முடியும், சொல்லுங்க."

வைரஸ் என்று இன்னொரு தடவை சொல்ல சுப்பராயலுவுக்கு வாய் வரவில்லை. வாக்கியம், திருக்கணிதம், புது வெர்ஷன் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லச் சொல்ல தன் குரல் தனக்கே பிடிக்காமல் போயிற்று.

இசைவாணிதான் கேட்டாள். "எங்க லேப்ல சுகர் டெஸ்ட்டுக்கான கெமிக்கல மாத்துனாலே, நார்மல் அளவு இத்தினிலேர்ந்து இத்தினியா மாறுது, பழைய ரிப்போர்ட்டோட ஒப்பிடாதீங்கன்னு கம்பெனிக்காரன் முன்னாடியே லெட்டர் போடுவான் சார். நீங்க போடலியா?"

"அது வந்து... கவனிக்காம விட்டுட்டம்மா."

"ஒரு வரி அடிக்க எவ்ளோ நேரம் ஆவும்?"

"ரெண்டு நிமிஷம்."

அதை எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றார் கலியமூர்த்தி. பிரிசில்லா லெட்டர்ஹெட் எடுத்து டைப் செய்தாள். திரு. கலியமூர்த்தி கொடுத்த இரண்டு ஜாதகங்களும் எங்கள் மென்பொருளில் எடுக்கப்பட்டவையே. கணிதமுறை மாறியதால் நட்சத்திரம் வேறுபடுகிறது. இதை வாடிக்கையாளர்களுக்குத் தெரிவிக்காதது எங்கள் தவறு. இதுவரை அவளே எழுதினாள். 'தெரிவிக்காதது' என்பதற்கு முன்னால் 'கவனக்குறைவால்' என்ற சொல்லைச் சேர்க்கச் சொன்னவர் சுப்பராயலு. பிரிசில்லாவின் விரல் ஒரு கணம் நின்று, பிறகு அடித்தது. இசைவாணி கடிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்தாள். அந்தச் சொல்லின் மேல் அவள் கண் நின்றதுபோல அவருக்குத் தோன்றியது. சிடியைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டு போனாள்.

திட்டக்குடியிலிருந்து தில்லையம்மாள் கூப்பிட்டார்.

"லெட்டர் பாத்தேன். அவுரு பொய் சொல்லல. தப்பா பேசிட்டேன், நேர்ல போயி கேட்டுக்கறேன். இப்ப நீ சொல்லு, பொண்ணு பூசமா, ஆயில்யமா? எது நெசம்?"

நம்பிக்கை இல்லாத மனிதரிடம் கேட்கக் கூடாத கேள்வி. "ரெண்டும் கணக்குதாம்மா," என்றார்.

"ரெண்டும் நெசம்னா, ஆயில்யமும் நெசந்தானப்பா," என்று போனை வைத்தார் தில்லையம்மாள். அதோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது. கலியமூர்த்திக்குப் பெயர் மட்டும் திரும்பக் கிடைத்தது.

அந்த வாரமே அறுபத்துமூன்று சென்டருக்கும் கணக்கு மாறியதைச் சொல்லி சுப்பராயலு தபால் அட்டை போட்டார். பதிலுக்கு ஒன்பது பேர் கூப்பிட்டார்கள். நெல்லிக்குப்பத்துக்காரர் பக்கிரி சிரித்தார். "நாங்க அப்பவே கண்டுபுடிச்சிட்டோம் மச்சான். ரெண்டு விதமாவும் எடுத்துடுவேன். எது பொருந்துதோ அதக் குடுத்து அனுப்பிடுவேன். நல்ல வசதி இது, எடுத்துடாத." இதைவிட அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

கலியமூர்த்தி பத்திரக்காரர் அல்லவா? எந்தத் தாளையும் வீணாக விடமாட்டார். கடிதத்தை லேமினேட் செய்து மகளின் ஜாதகத்தோடு வைத்துவிட்டார். அதற்குப் பிறகு பெண் பார்க்க வந்த ஒவ்வொரு வீட்டுக்கும் இரண்டு ஜாதகமும் அந்தக் கடிதமும் சேர்ந்தே போயின. லெட்டர்ஹெட்டில் போன் நம்பர் இருந்தது. பண்ருட்டியிலிருந்து, விருத்தாசலத்திலிருந்து, பெயர் தெரியாத ஊர்களிலிருந்து கூப்பிட்டார்கள்.

"சுப்பராயலுங்களா? நீங்கதான அந்த லெட்டர் எழுதிக் குடுத்தது? அது இன்னா விசயம், கொஞ்சம் வெவரமா சொல்லுங்க."

அவர் விவரமாகச் சொல்வார். கவனக்குறைவு என்று முடிப்பார். மூன்று வருடத்தில் பதினேழு தடவை சொன்னார். முதலில் பேசும்போது எழுந்து பால்கனிக்குப் போனவர், பிறகு பிரிசில்லாவுக்கு எதிரிலேயே உட்கார்ந்து சொல்லப் பழகினார். அந்தச் சொல் வரும்போது மட்டும் அவள் பக்கம் திரும்பமாட்டார். பதினேழு பேரும் கேட்டுவிட்டு, சரிங்க என்று வைத்துவிட்டார்கள். ஒருவரும் அதற்குப் பிறகு கல்யாணப் பத்திரிகை அனுப்பவில்லை.

2012 ஆவணியில் பதினெட்டாவது போன் வந்தது.

"சார், எம்பேரு அன்பரசு. சிதம்பரத்துலேர்ந்து பேசறேன். இசைவாணியோட லேப்ல வேல பாக்கறேன்."

"சொல்லுங்க தம்பி. ஜாதகம் விசயமா?"

"இல்ல சார், நாங்க ஜாதகம் பாக்காமத்தான் கல்யாணம் பண்ணிக்கப் போறோம். லெட்டர்தான் படிச்சேன். கவனக்குறைவுன்னு போட்டிருக்கீங்க. தெரியாமத்தான் நடந்துச்சா?"

பதினேழு தடவை சொல்லிச் சொல்லி வழுக்கிக்கொண்டு வரும் பதில், இப்போது ஏனோ வரவில்லை. எதிரில் பிரிசில்லா கீபோர்டில் கை வைத்தபடி இருந்தாள்.

"இல்ல தம்பி," என்றார் சுப்பராயலு. "தெரிஞ்சுதான். சொன்னா வாங்கமாட்டாங்கன்னு சொல்லல."

"அது தெரியும் சார். ஒங்க சிடில பதினாலாவது வரி. ஒங்க ஆபீசுக்கு வர்றதுக்கு முன்னாடியே இசைவாணி லேப் கம்ப்யூட்டர்ல போட்டுப் படிச்சிட்டாங்களாம். நீங்களா சொல்றீங்களான்னுதான் கேட்டேன். சரி சார், வெச்சிடறேன்."

மூன்று வருடம் முன்பு, இரண்டு நிமிஷம் என்று அவர் பதில் சொன்னபோது அவள் முகம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்க முயன்றார். அவள் முகத்தை அன்றைக்கு அவர் பார்க்கவே இல்லை.

"அந்த லெட்டர் ஃபைல எடும்மா," என்றார் பிரிசில்லாவிடம். "'கவனக்குறைவால்'ங்கறத எடுத்துட்டு, 'தெரிந்தே'ன்னு போடு."

தேடவே வேண்டியிருக்கவில்லை அவளுக்கு. திருத்தி, பிரிண்ட் எடுத்து, கையெழுத்துக்கு நீட்டினாள்.

"யாருக்கு சார் அனுப்பணும்?"

அந்தக் கடிதம் இனிமேல் யாருக்கும் தேவைப்படாது. சுப்பராயலு பேனாவைத் திறந்து கையெழுத்து மட்டும் போட்டார்.