தங்கச்சி பிடுங்கிய வயர்

மருதமுனையில் எங்கள் தறிக்குப் பெருநாள் சாரியின் டிசைனைக் கம்பியூட்டரில் வரைந்து முடித்திருந்தேன். வேறு பிரதி இல்லை. முன்பொருமுறை சேமிக்கும்போது கரண்ட் போய், ஒரு டிசைன் பாதியாகச் சிதைந்திருந்தது. அதனால், அண்ணன் என்னை 'நானா' என்று கூப்பிடும் தங்கச்சி, டிசைன் வரையும் செயலியைத் திருத்தியிருந்தாள்.

"ஒவ்வொரு பூவுக்கும் டிஸ்க் எழுதி முடியுமட்டும் காத்திருக்க ஏலா நானா. செயலி புதுசை வேற பேர்ல எழுதும்; அது டிஸ்க்குல முழுசா விழுந்த பிறகுதான் பழசின்ட பேரை அதுக்குக் குடுக்கும். அந்த வரிசை மாறாட்டிப் போதும்."

"நம்பலாமா?"

அவள் கம்பியூட்டரின் கரண்ட் வயரைப் பிடுங்கினாள். திரை இருண்டது.

"யா அல்லாஹ்! விசரா புள்ள உனக்கு?"

மறுபடி போட்டோம். டிசைன் முழுதாக வந்தது. கடைசிப் பூ மட்டும் இல்லை.

"அது போகும் நானா. பழசோ புதுசோ, முழுசா இரிக்கும். பாதி வராது."

சிரித்தபடி அந்தப் பூவைத் திரும்ப வரைந்தேன். நான் வரையும் ஒரு பூவைக்கூட இப்படி உலுக்கிச் சோதித்துப் பார்க்க எனக்குத் துணிச்சல் வந்ததில்லை.