மெழுகுக்கு வந்த நீரெலிகள்

அந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று பல்செட்டுக்காரர் பார்த்தது பின்னறை ஜன்னலைத்தான். பல் கட்டுகிற வேலைக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். அவர் மனைவி பார்த்தது ஜன்னலுக்கு அந்தப் பக்கம். சின்னத் தோட்டம், அதன் ஓரமாக முழங்கால் ஆழத்தில் ஓர் ஓடை, கரை நெடுக வளைகள், வளைக்கு ஒரு மூக்கு.

"என்னங்க, நமக்கு முன்னாடியே இங்க ஆள் இருக்காங்க."

நீரெலிகள். உருண்டை முகமும் குட்டை வாலுமாக, தொபுக்கென்று ஓடையில் விழுந்து நீந்தும். கரையேறி, ஒரு புல்தண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பரீட்சையில் விடை தெரியாத பிள்ளை பென்சிலைக் கடிப்பதுபோலக் கொறிக்கும். இருப்பதிலேயே பருத்ததற்கு அந்த அம்மாள் குண்டம்மா என்று பெயர் வைத்து, காய் நறுக்கிய தோலையெல்லாம் கரையில் கொண்டுபோய்ப் போட்டாள். பல்செட்டுக்காரருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. ஆனாலும் குண்டம்மாவின் முன்பற்களைப் பார்க்கும்போது தொழில்முறையில் ஒரு மரியாதை வரத்தான் செய்தது.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு மேல்வரிசை கட்டிக்கொண்டிருந்தார். பழைய மாணவர்கள் கூட்டத்தில் அவர் பேச வேண்டும். இந்த வேலையில் முதலில் மெழுகில் பல்லைப் பதித்து, வாயில் வைத்துப் பார்த்துச் சரிசெய்த பிறகுதான் கெட்டிச் செட். பதினான்கு பல்லையும் பதித்து, மெழுகு இறுகட்டும் என்று ஒரு கிண்ணத்தில் போட்டு ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுக் காப்பி குடிக்கப் போனார். திரும்பி வந்தால் கிண்ணம் இருந்தது, செட்டைக் காணோம். நசுங்கிய மெழுகுத் துணுக்குகள் புல்லில் ஓடைவரைக்கும் வழி காட்டின.

"உன் குண்டம்மா தலைமையாசிரியரோட பல்லைத் தூக்கிட்டுப் போயிட்டா."

"அவளுக்கு எதுக்குப் பல்லு? அவகிட்டதான் இருக்கே. மெழுகுக்கு ஆசைப்பட்டிருப்பா, பாவம்."

மனைவியின் தம்பிக்கு எப்படியோ தகவல் போய்ச் சேர்ந்தது. உலகத்தில் அவனுக்குத் தெரியாத விஷயமே கிடையாது. எலி ஒட்டும் பசை அட்டைகளோடு அரைமணியில் வந்து நின்றான்.

"கவலைய விடுங்க மாமா. ஒரே நாள்ல ஓடை காலி."

"ஒரு எலி ஒட்டுச்சுன்னா, அந்த அட்டையிலேயே உனக்குச் சாப்பாடு போடுவேன்" என்றாள் அக்கா.

அதற்குள் அவன் ஓர் அட்டையைப் பிரித்துப் புல்லில் வைத்திருந்தான். மூன்று பேரும் மண்டிபோட்டுப் பல் பொறுக்கினார்கள். பன்னிரண்டு கிடைத்தபோது வாசல் கதவு தட்டப்பட்டது. தலைமையாசிரியர்.

உண்மையைச் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. அவர் ஈறு தெரியக் கேட்டுக்கொண்டார்.

"எலியா? ஷரி. தேடுற முறையே தப்பு. வரிஷையா நில்லுங்க."

நின்றார்கள். ஆளுக்கு ஒரு பாத்தி என்று பிரித்துக் கொடுத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மேற்பார்வை பார்த்தார். வளையின் வாயில் பதின்மூன்றாவது கிடைத்தது. பதினான்காவது மட்டும் எங்கேயும் இல்லை. குண்டம்மா கரையில் உட்கார்ந்து, கூலிக்கு வந்த ஆட்களைப் பார்ப்பதுபோல இவர்களைப் பார்த்தது. தம்பி அலுத்துப்போய்த் தொப்பென்று புல்லில் உட்கார்ந்தான். பிறகு எழுந்தான். பசை அட்டையும் அவனோடு எழுந்தது.

"அக்கா, பின்னால என்னமோ ஒட்டிருக்கு பாரேன்."

அட்டையை இரண்டு பேர் சேர்ந்து இழுத்தார்கள். கால்சட்டையின் ஒரு பகுதியும் கூடவே வந்தது. அட்டையின் ஓரத்தில் கொஞ்சம் புல், ஓர் எறும்பு, ஒரு முன்பல்.

"மாப்ள, எனக்குத் தெரிஞ்சு எல்லாருக்கும் வாயிலதான் முளைக்கும்" என்றார் பல்செட்டுக்காரர்.

தலைமையாசிரியர் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. ஓடைக்கரையில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். தொபுக், தொபுக் என்று நீரெலிகள் தண்ணீரில் விழுந்து மறைந்தன.

புதுப் பல் வைத்துக் கட்டித் தருகிறேன் என்று பல்செட்டுக்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். தலைமையாசிரியர் கேட்கவில்லை. "இவ்வளவு கஷ்டப்பட்டுக் கண்டுபிடிச்ச பல்லு. இதான் வேணும்." மருந்துத் தண்ணீரில் மூன்று தடவை ஊறப்போட்டு, தேய்த்துக் கழுவி, அதையே வைத்துக் கட்டிக் கொடுத்தார். கூட்டத்தில் அவர் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவதாக இருந்தது. கடைசியில் முக்கால் மணி நேரம் நீரெலியைப் பற்றித்தான் பேசினாராம்.

ஜன்னலுக்குக் கம்பிவலை வந்துவிட்டது. தம்பி இரண்டு மாதம் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. பல் அளவு கொடுக்க வருகிறவர்களோ, வாயைத் திறக்குமுன் "அந்த எலி எங்கங்க?" என்கிறார்கள். பல்செட்டுக்காரர் சலித்துக்கொண்டேதான் எழுந்து தோட்டத்துக்குக் கூட்டிப் போகிறார். போகிற வழியில் சமையலறையில் கொஞ்சம் காய்த்தோலை எடுத்துக்கொள்கிறார்.