தனத்தின் குரலில் பேசிய ராஜா

தனம் போய்விட்டாள்.

இன்று காலை அவள் மகள் போன் செய்தாள். "ஆன்ட்டி... அம்மா..."

தனலெட்சுமி. உலு யாம் ஊர்க்காரி. எண்பதுகளில் ரவாங் ஃபேக்டரி ஒன்றில் எனக்குப் பக்கத்து ஸ்டூல்.

எஸ்டேட்டிலிருந்து வந்த ஆறு பெண்கள் ஒரு கடைவீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தோம். என் ஊர் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம். கீழே வீடியோ கடை. லீவு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், அன்றைக்குப் படம் பார்த்தே ஆகவேண்டும்.

ஒரு ஞாயிறு, தமிழ்ப் படம் என்று எடுத்து வந்த டப்பாவுக்குள் ஜப்பான் கார்ட்டூன். பேச்சு ஜப்பான் மொழி, கீழே ஓடும் எழுத்து சீனம். திருப்பிக் கொடுக்கப் போனால் கடை பூட்டு.

"இருங்கடி, நான் படிச்சுச் சொல்றேன்லா" என்றாள் தனம். ஆறாம் வகுப்பு வரை சீனப் பள்ளியாம். அதுவரை எங்களிடம் மூச்சே விடவில்லை, கள்ளி!

கதை இதுதான்... ஒரு பையன், கையில் துருப்பிடித்த வாள். வாளுக்குள் ஆயிரம் வருடத்துக்கு முன் செத்த ராஜாவின் ஆவி. ராஜா பேசுவது பையனுக்கு மட்டும் கேட்கும். எதிரி என்ன பேசினாலும் ராஜாவின் காதில் விழும். ஆனால் ஒரு துரும்பைக்கூட அவரால் நகர்த்த முடியாது. வாளைத் தூக்குவது பையன் வேலை.

அந்த ராஜாவுக்குத் தனம் கொடுத்த குரல் இருக்கிறதே... திருவிழா நாடகத்தில் எமன் வருவானே, அதே குரல். "அடேய் பாலகா... பின்னால பார்றா!"

"ஜப்பான் ராஜா அடேய்னு சொல்வாராடி?" என்று கேட்டேன்.

"சீனத்துல அப்டித்தான் போட்டுருக்கு. வேணும்னா நீ வந்து படி."

அடுத்த வாரம் நாங்களாகவே போய் இரண்டாவது கேசட்டைக் கேட்டு வாங்கினோம்.

எங்களோடு இருந்த சரோஜாவின் அப்பா எஸ்டேட் முனீஸ்வரர் கோயில் பூசாரி. "செத்த ராஜா, வாளு, காவல் காக்குறாரு... இது கார்ட்டூன் இல்லடி, சாமி" என்று டிவி மேல் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துவிட்டாள். அன்றிலிருந்து கோழிக்கறி சாப்பிட்டால், வாய் கொப்பளித்த பிறகுதான் கேசட்.

"முனீஸ்வரருக்கே கோழி வெட்டுறோமேடி!" என்றாள் தனம்.

"இவரு சைவமா அசைவமான்னு தெரியாதுல்ல... தெரியிற வரைக்கும் ஜாக்கிரதையா இருப்போம்."

அப்புறம் அந்தப் புதன்கிழமை.

ஃபேக்டரி ஓவனில் வைத்த ஒரு பேட்ச் சரக்கு முழுக்கக் கருகிப்போனது. அந்த பேட்ச் கார்டில் என் பெயர். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான், இன்னும் நிரந்தரம்கூட ஆகவில்லை. விசாரணை என்றார்கள். வேலை போனால் எஸ்டேட்டுக்குத் திரும்பி மாமா மகனைக் கட்டிக்கொள்ள வேண்டும், அப்பா அப்படிச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஓவன் சூட்டை நான் தொடவே இல்லை... ஆனால் அதை யாரிடம், எப்படிச் சொல்வது?

துணைக்கு ஒருத்தரைக் கூட்டி வரலாம், அவர் வாய் திறக்கக்கூடாது. இதுதான் விதி. தனம் வந்து என் பின்னால் உட்கார்ந்தாள்.

மேனேஜர் வெளிநாட்டுக்காரர், இங்கிலீஷ் மட்டும்தான். அவர் என் கார்டைப் படித்துக்கொண்டிருந்தபோது, சூப்பர்வைசரும் டெக்னீஷியனும் சீனத்தில் ஏதோ மெதுவாகப் பேசிக்கொண்டார்கள். இரண்டு தமிழ்ப் பெண்கள்தானே, என்ன புரியப்போகிறது என்று நினைத்திருப்பார்கள்.

பின்னாலிருந்து என் காதுக்கு மட்டும் அந்தக் குரல்.

"பாலகா... சூட்டக் கூட்டுனது சூப்பர்வைசர்தான். டார்கெட் முடியலன்னு கூட்டிருக்கான். ஓவன் புக்ல எழுதியிருக்காம். விசாரண முடிஞ்சதும் அந்தப் பக்கத்தக் கிழிக்கப் போறானுங்க. இப்பவே கேளு."

"நீ சொல்லேன்டி..." என்றேன்.

"நான் பேசுனா வெளிய தள்ளிருவாங்க. வாயி ஒன்னுதுலா. எந்திரி!"

எழுந்தேன். "சார்... ஓவன் புக். ப்ளீஸ் சீ ஓவன் புக். நவ், சார். நவ்!" என் வாழ்க்கையில் நான் சத்தமாகப் பேசிய முதல் இங்கிலீஷ் அதுதான்.

சூப்பர்வைசர் குறுக்கே பேசினார். நான் உட்காரவில்லை. புக் வரும்வரை நின்றுகொண்டே "நவ், சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

புக் வந்தது. பக்கம் இருந்தது. எனக்கு வேலை தப்பியது.

அடுத்த வாரம் தனத்துக்கு வார்னிங் லெட்டர் வந்தது, விசாரணையில் என் காதில் பேசியதற்காக. யாரோ பார்த்துவிட்டார்கள். நான் அழுதேன். அவள் அதைப் படித்துவிட்டு நாலாக மடித்தாள்.

"எனக்கு இது மொத லெட்டருடி. ஒனக்கு வந்திருந்தா அதான் கடைசி லெட்டர். போதும், சோத்தப் போடு."

அதே ஃபேக்டரியில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தேன். லைன் லீடர் ஆனேன். புக்கிட் செந்தோசாவில் இந்த வீட்டை வாங்கினேன். மாமா மகனைக் கட்டவில்லை, எனக்குப் பிடித்தவரைக் கட்டினேன்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது நன்றி சொல்ல வாயெடுத்தேன். "ஏன்டி, இவ்ளோ வருசம் கழிச்சா?" என்று திட்டினாள். மூச்சு வாங்கிக்கொண்டே திட்டினாள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

நாளை மதியம் உலு யாம் வீட்டிலிருந்து எடுக்கிறார்கள். ஃபேக்டரியின் பழைய லைன்காரர்கள் யார் இருந்தாலும் வந்துவிடுங்கள்.

எடுப்பதற்கு முன் யாராவது நாலு வார்த்தை பேசவேண்டுமாம். "ஆன்ட்டி, உங்களால முடியுமா?" என்று மகள் கேட்டாள். முடியும் என்று சொல்லிவிட்டேன்.

நீ போய் வா, தனம். நான் பேசிக்கொள்கிறேன்.