கேஸ் பேப்பரில் சிவப்பு மை

மூன்று வருடங்களுக்கு முன், மும்பை தாராவியில் மழை விடாமல் கொட்டிய ஒரு ஜூலை மாதம். நீட் தேர்வில் நான் வாங்கிய மார்க் மெடிக்கல் சீட்டுக்குப் பத்தவில்லை. இன்னொரு வருடம் வீட்டிலிருந்து படித்து மறுபடி எழுதுவதா, மாட்டுங்காவில் கிடைத்த பி.காம். சீட்டில் சேர்ந்துவிடுவதா? சனிக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். "ஒன் இஷ்டம்மா" என்று அப்பா என் தலையிலேயே கட்டிவிட்டார்.

நானோ முடிவெடுப்பதை விட்டுவிட்டுக் கனவு கண்டுகொண்டிருந்தேன். அதில் என்னை மிஞ்ச ஆளே கிடையாது. பாத்திரம் தேய்க்கும்போதுகூட வெள்ளைக் கோட்டோடு நீளமான வராந்தாவில் நடப்பேன். எல்லோரும் எழுந்து நிற்பார்கள். எனக்கே சிரிப்பு வரும், ஆனாலும் நிறுத்த மாட்டேன்.

எங்கள் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. ஊரிலிருந்து புதிதாக வந்த பெண்களுக்கு ஹிந்தி வராது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, படித்த பெண்பிள்ளை ஒருத்தியைப் பேசுவதற்குக் கூட்டிப் போவார்கள். அந்தப் புதன்கிழமை நான் போனேன். பக்கத்து வீட்டு அக்கா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. காலில் தகரம் கிழித்த இடம் சீழ் பிடித்து, காய்ச்சலும் கண்டுவிட்டது.

கேஸ் பேப்பர் என்று இங்கே சொல்லும் ஓ.பி. சீட்டை எடுத்து இரண்டு மணி நேரம் காத்திருந்து டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தோம். என்னைவிட ஏழெட்டு வயது மூத்த பெண். ஜன்னல் வழியாக மழை வெளிச்சம் அவர் மேல் மங்கலாக விழுந்தது. நான் மனசுக்குள் அவரை எழுப்பிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டேன். ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று அவர் ஹிந்தியில் கேட்டார். நான் தமிழில் கேட்டேன். அக்கா நீளமாக ஏதோ சொன்னாள். எங்கோ தூரத்தில் ரேடியோ பாடுவது மாதிரி இருந்தது. "நஹீ", இல்லை என்றேன்.

ஊசி போடும் அறையில் நர்ஸ் சிரிஞ்சில் மருந்தை நிரப்பிவிட்டார். அக்கா கையை நீட்டியபடி என்னைப் பார்த்தாள்.

"ஏட்டி, புள்ள பொறந்தப்ப ஊசி போட்டு மூஞ்சி வீங்கி மூச்சு முட்டிச்சுன்னு சொன்னேம்லா. இது அந்த ஊசி இல்லல்லா?"

"சிஸ்டர், ருக்கோ! ருக்கோ!" என்று ஊசியை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். நாலாக மடித்த ஊர் ஆஸ்பத்திரிச் சீட்டை அக்கா பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். அதிலிருந்த மருந்தின் பெயரைக் கேஸ் பேப்பரோடு எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்த்தேன். அதே மருந்து!

மறுபடி டாக்டரிடம் ஓடினேன். "இதை அப்பவே ஏன் சொல்லலை?" என்றார். அக்கா சொல்ல மறந்துவிட்டாள் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவளுக்குத்தான் ஹிந்தி தெரியாதே! ஆனால் வாய் வரவில்லை. "அவங்க சொன்னாங்க, நான்தான் கேக்கலை" என்று அழுதுவிட்டேன். அவர் திட்டவில்லை. கேஸ் பேப்பரின் உச்சியில் சிவப்பு மையால் அந்த மருந்து ஆகாது என்று பெரிதாக எழுதிவிட்டு, வேறு மருந்து கொடுத்தார்.

திரும்பும்போது ஒரே குடையில் நடந்தோம். "போட்டும், அழாத. எனக்குத்தான் ஒண்ணும் ஆவலல்லா? நீ இல்லாட்டி எனக்கு எவ பேசுவா?" என்றாள் அக்கா. அதற்குப் பதில் அவள் இரண்டு அறை விட்டிருக்கலாம்.

பி.காமே போதும் என்று முடிவு செய்துவிட்டேன். கணக்கில் தப்பு செய்தால் யாருக்கும் மூச்சு நிற்காது. கனவு காணக்கூடப் பயமாக இருந்தது. கண்ணை மூடினால் அக்கா நீட்டிய கைதான் தெரிந்தது, அதில் வெள்ளைக் கோட்டு போட்ட நான் எங்குமே இல்லை.

வெள்ளிக்கிழமை கட்டு மாற்ற அக்கா மறுபடி என்னைத்தான் கூப்பிட்டாள். முடியாதென்று சொல்ல நாக்கு எழவில்லை. அன்று அவள் சொன்ன ஒவ்வொன்றையும் இரண்டு தடவை கேட்டேன், ஒன்று விடாமல் டாக்டரிடம் சொன்னேன். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது: அன்று முழுக்க டாக்டரின் அந்த நாற்காலியை நான் நினைக்கவே இல்லை, அக்கா சொன்னதை மட்டும்தான் கேட்டிருக்கிறேன். தட்டில் கை வைத்தபடியே, "அப்பா, நான் இன்னொரு தடவ எழுதுறேன்" என்றேன்.

இப்போது எம்.பி.பி.எஸ். இரண்டாம் வருடம் படிக்கிறேன். வார்டில் ஒரு நோயாளி வாயைத் திறந்து பேசத் தொடங்கியதும் அன்றைய பயம் வந்து நெஞ்சைப் பிடிக்கிறது. அது ஒரு நாளும் என்னை விட்டுப் போய்விடக் கூடாது.