நடக்கும் ஆஸ்பத்திரி

புதுக்கடை சந்திப்பில் என் மருந்துக்கடையை ஒட்டித்தான் பெனினுடைய ஆம்புலன்ஸ் நிற்கும். சவூதியில் டிரெய்லர் ஓட்டிவிட்டு வந்தவர் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். நெஞ்சுவலி என்றால் பறக்கத் தெரிந்தவர்தான். எலும்பு ஒடிந்த கேஸ் என்றால் மட்டும் வண்டி ஊரும். பஸ்காரன் முந்தினாலும், ஆட்டோக்காரன் முந்தினாலும் ரோஷம் வராது. ஸ்டாண்டில் அவர் வண்டிக்கு 'நடராஜா சர்வீஸ்' என்று பெயர். அதை வைத்ததில் எனக்கும் பங்குண்டு.

வேலைக்கு வந்த புதிதில், காலொடிந்த ஒரு பனையேறியைப் பள்ளம் மேடு பார்க்காமல் கொண்டுபோனாராம். வண்டியிலிருந்து இறக்கியபோது அந்த ஆள் வலியில் உதட்டைக் கடித்துக் கிழித்திருந்தார். அதிலிருந்து இப்படி.

ஒரு மத்தியானம் கடையில் ஆளில்லை. ஆம்புலன்ஸ் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று போனில் தேடினேன். படையோடு கூடவே இடம் மாறிய மருத்துவமனையைப் பிரெஞ்சுக்காரர்கள் 'நடக்கும் ஆஸ்பத்திரி' என்ற பொருளில் அழைத்திருக்கிறார்கள். நடப்பதைக் குறிக்கும் லத்தீன் சொல்லில் பிறந்த பெயர். போகப்போக ஆஸ்பத்திரி உதிர்ந்து நடை மட்டும் மிஞ்சியது. பிறகு அதுவே காயம்பட்டவர்களைச் சுமக்கும் வண்டிக்கும் பெயராயிற்று. கேலிக்கு நல்ல தீனி கிடைத்ததென்று பெனினைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பேர் வைத்தவனுக்கு விவரம் உண்டு என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் கடற்கரை ஊரிலிருந்து அழைப்பு வந்தது. மொட்டைமாடியில் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்த வியாகுலம்மாள் கால் தவறிக் கீழே விழுந்துவிட்டார். பெனின் போய்ச் சேர்ந்தபோது, மீன்பிடித்துவிட்டு அப்போதுதான் கரையேறியிருந்த மூத்த மகன் ஆன்றோவும் கூட்டாளிகளும் வள்ளம் தள்ளுகிற வேகத்தில் ஆளுக்கொரு பக்கமாக அவரைத் தூக்கப் போயிருக்கிறார்கள். பெனின் குறுக்கே புகுந்து தடுத்து, பலகையில் அசையாமல் கட்டி ஏற்றினார்.

குழாய் பதிக்கத் தோண்டிய சாலை புதுக்கடை வரைக்கும் குண்டும் குழியுமாகக் கிடந்தது. வண்டி ஊர்ந்தது. ஆன்றோவுக்குப் பொறுக்கவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, சாவியைத் தா, நானே ஓட்டுகிறேன் என்று கையை நீட்டினான். பெனின் வண்டியை நிறுத்தினார்.

"மக்கா, அம்மைக்க முதுகெலும்பு ஒடிஞ்சிருக்கும்னு தோணுது. குலுங்கிச்சுன்னா பெறவு நடக்கவே மாட்டாவ. நீ எறங்கி முன்னால நட. கல்லு கெடந்தா எடுத்துப் போடு, குழி வந்தா கை காட்டு."

சைரன் சத்தம் கேட்டு நான் கடையை விட்டு வெளியே வந்தேன். சாலை நடுவே ஒருவன் நடந்து வருகிறான். குனிந்து கல்லைப் பொறுக்கி எறிகிறான், கை காட்டுகிறான். ஆம்புலன்ஸ் அவன் நடைக்கு ஏற்பப் பின்னால் வருகிறது. அதற்கும் பின்னால் பஸ்களும் டெம்போக்களும் ஹாரன் அடித்துத் தீர்க்கின்றன. சப்பரம் வருகிற மாதிரி இருந்தது. எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பக்கத்தில் வந்ததும் அவன் முகத்தைப் பார்த்தேன், வெட்கமாகிவிட்டது. ஓடிப்போய்ச் சந்திப்பில் வண்டிகளை மறித்தேன். அதற்கப்புறம் சாலை நன்றாக இருந்ததால் ஆன்றோ வண்டியில் ஏறிக்கொண்டான்.

மீதியை மறுநாள் பெனின் சொன்னார். எலும்பு முறிந்திருக்கிறது, ஆனால் நரம்பு அறுபடவில்லை என்றாராம் டாக்டர். காலை அசைக்கச் சொன்னபோது வியாகுலம்மாளின் பெருவிரல் மெல்ல மடங்கியது. ஆன்றோ அந்தப் பாதத்தில் முகத்தை வைத்து அழுதான். தரையில் ரத்தம் கிடப்பதை நர்ஸ்தான் முதலில் பார்த்தார். அம்மாவுக்கு வேறெங்கோ காயம் என்று எல்லோரும் பதறித் தேடினார்கள். ரத்தம் ஆன்றோவுடையது. கரையேறிய கோலத்திலேயே வந்தவன், செருப்பில்லாமல் அத்தனை சல்லிக்கல்லிலும் நடந்திருக்கிறான். உள்ளங்கால் இரண்டும் கிழிந்திருந்தன. அது அவனுக்கே தெரியவில்லை.

பெனின் அவன் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார்.

"அம்மை நடப்பாவ. நீ கொஞ்சம் இரி மக்கா."