மண்டோர் மருமகள் வேலைக் கணக்கில் ஏறிய நாள்

பிள்ளைகளா, முதுகு வலி வந்து செம்பனை லோரி ஓட்டுவதை நான் விட்ட பிறகு எனக்கு ஒரு தற்காலிக வேலை கிடைத்தது, ஞாபகம் இருக்கும். கழுத்தில் அட்டை, பையில் டேப்லட். மோட்டாரில் லுக்குட் பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய், புள்ளிவிவர இலாகா குறித்துக் கொடுத்த வீடுகளில் யார் யார் வேலை செய்கிறார்கள், எங்கே இருந்து செய்கிறார்கள் என்று கேட்க வேண்டும். நாட்டில் எத்தனை பேர் வீட்டிலிருந்தே கம்பெனி வேலை பார்க்கிறார்கள் என்பது இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் தெரிய வருகிறது. பெயரை வெளியே சொல்லக்கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதனால் இதிலும் பெயர் வராது.

எங்கள் தோட்டங்களில் ஒரு வழக்கம் உண்டு. அந்தக் காலத்தில் விடியற்காலையில் எல்லாரும் பெரட்டுக் களத்தில் வந்து நிற்பார்கள், வேலையை மேற்பார்க்கிற மண்டோர் பெயர் கூப்பிடுவார். களத்தில் நின்றவன் வேலையாள். வீட்டில் இருந்துவிட்டவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை. பெரட்டு நின்றுபோய் வெகு காலம் ஆகியும் பெரியவர்கள் மனசில் அது நிற்கவில்லை. வாசலைத் தாண்டிப் போனால்தான் வேலை. என் பகுதியில் வீட்டிலிருந்து வேலை செய்கிறவர் ஒருவர்கூட இல்லை என்றுதான் வந்துகொண்டிருந்தது. தோட்டம்தானே, அப்படித்தான் இருக்கும் என்று நானும் நினைத்தேன்.

ஒரு நாள் மத்தியானம் ஒரு தோட்டத்தில், வரிசை வீடுகள் இருக்கும் லயத்துக் கடைசி வீட்டுக்குப் போனேன். அங்கே இருந்தவர் பழைய மண்டோர். மீசை நரைத்திருந்தாலும் குரல் அப்படியே இருந்தது.

"எழுதிக்க தம்பி. மகன் மில்லுல வேலை. நான் பென்சன். மருமக வேலை இல்ல, வீட்டோட இருக்கு. திங்கட்கிழமைல இருந்து பேக்டரிக்குப் போவுது. வேன் வந்து ஏத்திக்கும். நான்தான் பேசி வாங்கிக் குடுத்தேன்."

அவர் பேசும்போதே உள் அறையிலிருந்து ஒரு பெண் குரல், சுத்தமான மலாயில், யாரையோ சமாதானப்படுத்திக்கொண்டிருந்தது.

"உள்ள யாருங்கய்யா?"

"அதுதான் மருமக. நாள் பூரா போனுதான் லா."

விதிப்படி வீட்டில் ஒருவர் எல்லாருக்கும் பதில் சொல்லலாம். ஆனாலும் எனக்கு மனசு கேட்கவில்லை. மருமகளையே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்கிறேன் என்றேன். மண்டோர் முறைத்தார். அதற்குள் அந்தப் பெண்ணே கழுத்தில் ஹெட்செட்டோடு வெளியே வந்தாள்.

"போன வாரம் சம்பளத்துக்கு ஒரு மணி நேரமாவது வேலை செஞ்சீங்களாம்மா?"

"ஒரு மணி நேரமா? காலையில உட்கார்ந்தா சாயங்காலம்தான் சார் எழுந்திருப்பேன். கோலாலம்பூர் பார்சல் கம்பெனி. பார்சல் காணோம்னு கூப்பிடுறவங்ககிட்ட பேசணும்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு. ஆனா நாளைக்கு வேலைய விடுறேன்னு கடிதம் அனுப்பணும்னு மாமா சொல்றாரு."

மண்டோருக்குக் கோபம் வந்துவிட்டது. "வீட்டுக்குள்ள உட்கார்ந்து பேசுறது வேலையா? நாங்க பெரட்டு முடிஞ்சு ரப்பர் மரத்து நெரை நெரையா நடந்து பார்ப்போம், யாரு வெட்டுறான், யாரு மரத்தடியில தூங்குறான்னு. ஒன்ன யாரு பார்க்குறா?"

"அப்ப நாளைக்கு நீங்களே வந்து பாருங்க மாமா. நாற்காலி போடுறேன்."

"பார்க்காம? தம்பி, நீ இத இப்ப முடிக்காத. நாளைக்கு வா."

நானும் முடிக்காமல் மூடி வைத்தேன். கிளம்பும்போது அவள் என்னைப் பார்த்த பார்வை, பரீட்சைக்குப் போகிற பிள்ளையின் பார்வை.

மறுநாள் நான் போய்ச் சேர்ந்தபோது மண்டோர் வாசலில் நின்றார். முகம் மாறியிருந்தது.

"தம்பி, இது வேலைதான்யா! ஒருத்தன் வாய்க்கு வந்தபடி ஏசுறான். இந்தப் பிள்ள சிரிச்சுக்கிட்டே பேசுது. நானா இருந்தா அவன் வீட்டுக்கே போயிருப்பேன்! தண்ணி குடிக்க எழுந்தாகூட கம்ப்யூட்டர்ல சிவப்பு லைட்டு எரியுது. எங்கேயோ ஒரு மண்டோர் பார்த்துக்கிட்டே இருக்கான். என்னவிட மோசமான மண்டோர்!"

"கடிதம் அனுப்பிட்டாங்களாய்யா?"

"அனுப்ப விட்டுருவேனா? எழுது நீ. என் மருமக வேலையாளு."

எழுதினேன் பிள்ளைகளா. வேலை செய்கிற இடம் என்ற கேள்விக்கு 'சொந்த வீடு' என்பதைத் தொட்டபோது எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது. அவள் கதவோரத்தில் நின்று பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. நானும் அன்றிலிருந்து ஒவ்வொரு வீட்டிலும், வீட்டோட இருக்கு என்று சொன்னவுடன் விடாமல், ஆளைக் கூப்பிட்டுக் கேட்டேன். துணி தைத்துக் கொடுக்கிறவள், கணினியில் கணக்குப் பார்க்கிற பையன் என்று ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள்.

திங்கட்கிழமை காலை பக்கத்து லயத்தில் எனக்கு ஒரு வீடு பாக்கி. பேக்டரி வேன் வந்து ஹாரன் அடித்தது. மண்டோர் சாலைக்கே இறங்கிப் போய், பெரட்டுக் குரலில் ஒரு சத்தம் போட்டார்.

"ஹாரன் அடிக்காதே லா! உள்ள என் மருமக வேலையில இருக்கு!"

வேன் திரும்பிப் போனது. எதிர்ப்புறம் புல் வெட்டிக்கொண்டிருந்தவனும் பயந்துபோய் மெசினை நிறுத்திவிட்டான். லயம் முழுக்க அமைதி. திறந்த ஜன்னல் வழியாக அவள் குரல் மட்டும் கேட்டது, யாருடைய பார்சலையோ கண்டுபிடித்துவிட்டதாக.