சும்மா இருக்கவேண்டிய வலக்கை

ஒரு செம்மஞ்சள் பிளாஸ்டிக் துவக்கைத் தன் கால் பெருவிரலில் தானே போட்டுக்கொண்டவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வருவதை யாரும் வீரக்கதையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கடைகளில் பணம் சேர்க்கும் வாகனங்களுக்குக் காவல் போகிற ஒரு கொம்பனியில், ஆயுதம் தாங்கிய காவலாளி வேலைக்குப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தேன். பயிற்சி மண்டபம் முன்பு நடன வகுப்பு நடந்த இடம். ஒரு பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி, தரை மினுங்கும். மினுங்கும் தரையைக் கண்டால் சப்பாத்தைக் கழற்றும் பழக்கம் எனக்கு. எல்லோரும் தேநீருக்குப் போன சமயம் பார்த்துக் கண்ணாடி முன் காலை அகட்டி நின்று, வயிற்றை உள்ளே இழுத்து, சுடவே முடியாத அந்தப் பயிற்சித் துவக்கை உறையிலிருந்து உருவி, விரலில் ஒரு சுற்றுச் சுற்றினேன். முதல் சுற்றிலேயே அது என்னைக் கைவிட்டது. ஒற்றைக் காலில் துள்ளியபோது, கண்ணாடியில் வாசல் தெரிந்தது. இடக்கையில் தேநீர்க் கோப்பையோடு மச்சாள் நின்றாள். "அத்தான், இப்ப ஒரு ஆளைச் சுட்டுப்போட்டீங்கள்," என்றாள். ஆரை என்று கேட்டேன். "உங்களைத்தான்."

மச்சாள் என் மனைவியின் தங்கை. அந்தக் கொம்பனியில் எனக்கு மூத்தவள் அவள்தான், பயிற்சி வகுப்புகளில் பயிற்சியாளருக்கு உதவிக்கும் நிற்பாள். நான் வேலை பார்த்த தொழிற்சாலை மூடப்பட்டு, சிட்னியில், டூங்கபி வீட்டில் செடிகளோடு பேசத் தொடங்கியிருந்த காலத்தில், என்னைக் கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டவளும் அவளே. கொண்டாட்டங்களில் என்னைக் கண்டால் எங்கள் ஆட்கள் மெல்லக் கிட்ட வந்து, துவக்கை வீட்டுக்குக் கொண்டுவரலாமா, கள்ளன் வந்தால் சுடலாமா என்று விசாரிப்பார்கள். இந்த நாட்டில் என்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக் கைத்துவக்கு வாங்க முடியாது. வேலைக்குத் தருவார்கள், வேலை முடியக் கொம்பனிப் பெட்டகத்துக்குள் திரும்பப் போய்விடும். இடுப்பில் வெறும் தழும்போடு வீட்டுக்கு வரலாம். அதைக் கேட்டதும் அவர்களுக்கு என் மேலிருந்த மரியாதை வடிந்துபோகும். மாமிக்கு வேறு துக்கம். துவக்குக்குப் பயந்து கடல் கடந்து வந்த குடும்பத்தில் ஒருத்தி அதை இடுப்பில் கட்டிக்கொண்டு போகிறாளே என்று பூசையறையில் நின்று மூக்கைச் சிந்துவார். மச்சாள் தாயோடு வாதாட மாட்டாள். அதைக் கண்டு பயப்படத் தெரிந்த ஆளிடம்தான் அது இருக்க வேண்டும் என்று ஒருமுறை என்னிடம் மட்டும் சொன்னாள். காசைக் கேட்டால் காசைக் கொடுத்துவிடச் சொல்வாள், துவக்கு உயிருக்கு மட்டும்தான் என்பாள். உருவுவதைவிட உருவாமல் இருப்பதற்குத்தான் எங்களை அதிகம் பழக்கினாள். தள்ளி நில், சத்தம் போடு, தூண் இருந்தால் தூணுக்குப் பின்னால் போ, முகத்தைப் பாராதே, கையைப் பார்.

அவளுடைய பெரிய சட்டம் வலக்கையைப் பற்றியது. சீருடையில் இருக்கும்வரை வலக்கை சும்மா இருக்க வேண்டும். பணப்பை, கதவுத் திறப்பு, தேநீர் எல்லாம் இடக்கையில். இதை வெள்ளைக்காரப் பிள்ளைகள் அரைநாளில் பழகிவிட்டார்கள். நானோ, இடக்கையால் எதையும் வாங்கினால் மண்டையில் குட்டு விழுந்த வீட்டில் வளர்ந்தவன். தேவைப்படும்போது இடுப்புக்குப் போக வேண்டிய கை, யாராவது எதையாவது நீட்டினால் தானாக முன்னே போய்விடும். மற்றக் கையும் மரியாதைக்குக் கூடவே போகும்.

பயிற்சி முடிந்து மச்சாளோடு வாகனத்தில் போகத் தொடங்கினேன். வென்ட்வேர்த்வில் ஸ்டேஷனுக்குக் கிட்ட இருந்த ஒரு சாப்பாட்டுக் கடையும் எங்கள் சுற்றில் இருந்தது. கடைக்கார அங்கிளுக்கு எங்களைக் கண்டால் பெருமை. நம்ம பிள்ளைகள் சீருடையோடு வருகிறார்கள் என்று மற்ற வாடிக்கையாளர்களுக்கும் கேட்கச் சொல்வார். ஆனால் மச்சாள் பணப்பையை இடக்கையால் வாங்குவது அவருக்குப் பொறுக்கவில்லை. நல்ல குடும்பத்துப் பிள்ளை, இப்படி வளர்த்திருக்கிறார்களே என்று என் காதில் குறைப்பட்டார். குடும்ப மானத்தைக் காப்பாற்ற நினைத்து, அவர் நீட்டிய மட்டன் ரோல்ஸ் பார்சலை இரண்டு கையாலும் வாங்கி, கொஞ்சம் குனிந்தும் கொடுத்தேன். வாகனத்தில் ஏறியதும் மச்சாள் என் மடியைப் பார்த்தாள். "அத்தான், உங்கட வலக்கை இப்ப ரோல்ஸுக்குக் காவல்," என்றாள்.

அடுத்த முறை போனபோது திருந்திய மனிதனாகப் போனேன். அங்கிள் பார்சலை எடுக்கக் குனிந்தார். வேண்டாம் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல நாக்கு வரவில்லை. "பிறகு எடுக்கிறன் அங்கிள்," என்றுவிட்டு வெளியே வந்தேன். எங்கள் ஊர் வாயில் அதற்கு அர்த்தம் வேண்டாம் என்பதுதான். விருந்தோம்பல் முற்றிய மனிதருக்கு அது சரிப்படாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அன்று நல்ல மழை. வாகனம் கடைக்குப் பின்னால் இருந்த ஒடுங்கிய ஒழுங்கையில் நின்றது. நான் பணப்பையோடு முன்னால், மச்சாள் எனக்குப் பின்னால். ஒழுங்கை மூலையிலிருந்து காலடிச் சத்தம். தொப்பி வைத்த மழைக் கோட்டு, முகம் தெரியவில்லை. கறுப்பாய் ஏதோ ஒன்றை நீட்டியபடி ஓர் உருவம் எங்களை நோக்கி ஓடி வந்தது. மச்சாள் நிற்கச் சொல்லி இங்கிலிசில் கத்தினாள், பிறகும் கத்தினாள். உருவம் நிற்கவில்லை. அவள் துவக்கு வெளியே வந்ததைக் கண்டேன். பயிற்சித் திடலுக்கு வெளியே அதை அப்படிக் கண்டது அன்றுதான். அவளுடைய சுட்டுவிரல் விசைக்கு வெளியே, இரும்போடு ஒட்டி, நேராக இருந்தது. குழல் நிலத்தைப் பார்த்தது. நான் என்ன செய்தேன் என்று நீங்கள் கேட்கக்கூடும். பணப்பையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்திக்கொண்டு நின்றேன். அப்படி ஒரு பாடத்தை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அது சொந்தத் திறமை.

உருவம் சில அடி தள்ளி நின்று மூச்சு வாங்கியது. மூக்குக்கண்ணாடியில் மழைத்தண்ணி ஓடியது. "தம்பி, பிறகு எடுக்கிறன் எண்டனீர், மறந்திட்டுப் போறீர்," என்றது. அதற்குப் பிறகுதான் அங்கிள் துவக்கைக் கண்டார். பார்சலை விடவில்லை. கெஞ்சுகிற குரலில், "பிள்ளை, ரோல்ஸ்தான்," என்றார்.

மச்சாள் துவக்கை மெல்ல உறைக்குள் வைத்துப் பூட்டினாள். வாகனத்தில் ஏறிக் கதவைச் சாத்தினாள். ஒரு மனிதர் ரோல்ஸ் கொண்டு வந்ததற்காகச் செத்திருப்பார். என் ஒரு சொல்லுக்காக. எனக்கு அப்போது அது உறைத்ததைவிட வேறொன்று முந்திக்கொண்டு உறைத்தது. அவளைப் பயிற்சியாளராக்கப் போகிறோம் என்று கொம்பனி சொல்லியிருந்த நேரம். துவக்கு உறையை விட்டு வெளியே வந்தால் மேலிடத்துக்குச் சொல்ல வேண்டும், விசாரணை முடியும்வரை அனுமதி அட்டை அவர்களிடம் இருக்கும், முடிவு எப்படியும் வரலாம். ஒழுங்கையில் ஆளில்லை, கமராவும் இல்லை, அங்கிள் வாய் திறக்க மாட்டார், விட்டுவிடு என்றேன். ஒருவரும் காணவில்லை என்றேன்.

"நான் கண்டனான்," என்றாள்.

அன்றே சொன்னாள். கிழமைக்கணக்காக வீட்டில் இருந்தாள். குசினியில் மாமிக்கு வெங்காயம் வெட்டிக் கொடுத்தாள். வேலை போகட்டும் என்று வேண்டிக்கொண்டிருந்த மாமி, மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, வேலை கிடைக்கட்டும் என்று நேர்த்தியை மாற்றினார். அங்கிள் இஸ்திரி போட்ட சேர்ட்டோடு கொம்பனிக்கே வந்து, பிழை தன்னுடையதுதான் என்று சாட்சி சொன்னார். விசாரித்தவர்களுக்கும் ரோல்ஸ் கொண்டு வந்திருந்தார் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. கடைசியில் மச்சாள் செய்தது சரி என்று தீர்ப்பாயிற்று. நான் அதற்கு முன்பே வேலையை விட்டுவிட்டேன். இப்போது பஸ் ஓட்டுகிறேன். ஸ்டியரிங்கில் இரண்டு கைக்கும் நேர்மையான வேலை இருக்கிறது.

மச்சாள் இப்போது பயிற்சியாளர். எனக்கு ஓய்வுள்ள நாட்களில் அதே கண்ணாடி மண்டபத்துக்குக் கூப்பிடுவாள். வகுப்புப் பிள்ளைகளின் மீது திடீரென்று ஓடி வருகிற ஆள் நான். கைத்தொலைபேசியோடு ஓடுவேன், ரப்பர்க் கத்தியோடு ஓடுவேன். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு தடவை, அங்கிளின் கடையிலேயே வாங்கிய ரோல்ஸைக் கறுத்த பையில் போட்டு ஒரு கையில் நீட்டிக்கொண்டு ஓடுவேன். அனேகமாக எல்லோரும் அந்த இடத்தில் என்னைச் சுட்டுவிடுவார்கள். செம்மஞ்சள் துவக்கால் இத்தனை தடவை செத்தவன் சிட்னியில் வேறு இருக்க மாட்டான். போன சனிக்கிழமை என்னைக் கொன்ற பெடியன், பைக்குள் ரோல்ஸைக் கண்டதும் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பை முடிக்க முடியாமல் கதிரையில் போய் உட்கார்ந்துவிட்டான்.

எல்லோரும் போன பிறகு மச்சாள் செம்மஞ்சள் துவக்குகளைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் வெறுங்காலோடு நின்று, சாட்சியப் பொருளாயிருந்த ரோல்ஸைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நடையை வைத்தோ மூக்குக்கண்ணாடியை வைத்தோ அங்கிளை அவள் அடையாளம் கண்டிருக்க வேண்டும் என்றுதான் இத்தனை காலமும் நான் நினைத்திருந்தேன். அதைச் சொல்லி, இவ்வளவு பேரும் என்னைச் சுடுகிறார்களே, அன்றைக்கு முகம் தெரிந்தபடியால்தானே நீ சுடவில்லை என்று கேட்டேன். அவள் பெட்டியை மூடினாள்.

"முகம் தெரியேல்லை அத்தான், ரெண்டு கையாலயும் எல்லோ நீட்டினவர்."